பால்குடம் எடுக்காத ஆண்டு

"ஆயாம்மா, சாமி இங்க உள்ள வருமா? இல்ல, கேட்டுலயே சோதன போட்டுத் திருப்பி அனுப்பிருவாங்களா?"

பெண் பிள்ளைகளுக்கான கூர்நோக்கு இல்லத்தில் ஒரு சிறுமி முன்பு இப்படிக் கேட்டாள். வழக்கில் சிக்கிய பிள்ளைகளை விசாரணை முடியும்வரை வைத்திருக்கும் இடம் அது. அவள் கேட்டது பூலம்மாளிடம். அவர் அங்கே கழிப்பறை கழுவுகிறவர். விடியுமுன் முப்பிடாதி அம்மன் கோயில் வாசலைப் பெருக்கி, திருநீறு பூசிக்கொண்டு வேலைக்கு வருவார். அந்தக் கேள்வியைக் கேட்ட அன்று இரண்டு வாளித் தண்ணீர் கூடுதலாக ஊற்றிக் கழுவினார்.

அவ்வாண்டு கோயில் கொடைத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியபோது, பூசாரியிடம் கேட்டுப் பிள்ளைகளுக்கென்று பதினோரு மஞ்சள் கயிறுகள் வாங்கி வந்தார். இல்லத்துக்குள் கயிறு, நாடா எதுவும் போகக் கூடாது. மனம் உடைந்த பிள்ளைகள் உயிரை மாய்த்துக்கொள்வார்களோ என்ற அச்சத்தில் வந்த விதி அது. வாயிற்காவலர் கயிறுகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அம்மன் கயிறுதான? கொண்டு போங்க" என்றார். காப்பாற்றுகிற கயிறு என்றே இருவரும் நினைத்தார்கள்.

மூன்றாம் நாள் ஒரு பிள்ளையின் கையிலும் கயிறு இல்லை. எல்லாவற்றையும் கேட்டு வாங்கியிருந்தவள் பதினைந்து வயதுத் தங்கமாரி. அக்காள் கணவன் கொடுத்தனுப்பிய கஞ்சாப் பொட்டலத்தோடு பிடிபட்டவள். அக்காள் ஒருமுறைகூட வந்து பார்க்கவில்லை. பதினோரு கயிறும் ஒன்றாக முடிச்சிடப்பட்டு அவளது பாய்க்கடியில் கிடந்ததைப் பெருக்கும்போது கண்டவர் பூலம்மாளே. கண்காணிப்பாளரிடம் எடுத்துப் போய், "நாந்தாம்மா கொண்டாந்தேன்" என்றார்.

மூன்று மாவட்டத்துக்கும் மனநல ஆலோசகர் ஒருவரே. அவர் வியாழக்கிழமை வந்து தங்கமாரியோடு பேசிப் பார்த்தார். "இவளை ஒரு நிமிஷம்கூடத் தனியா விடக் கூடாது. ஆஸ்பத்திரியில சேர்க்கணும்" என்றார்.

"எழுதிப் போட்டிருக்கேன், உத்தரவு வரணும். அதுவரைக்கும் ராத்திரி என் ரூம்ல படுக்க வச்சுக்கிடுதேன். பகல்ல ஆளுக்கு நான் எங்க போக?" என்றார் கண்காணிப்பாளர்.

"நான் இருக்கேன்" என்றார் பூலம்மாள். "அவகிட்ட என்னம்மா சொல்லணும்?"

"ஒண்ணும் சொல்லாதீங்க. அவ பேசினா கேளுங்க" என்றார் ஆலோசகர்.

அன்றுமுதல் பொழுது புலருமுன் கழிப்பறைகளைக் கழுவிவிட்டு, பகலெல்லாம் அவளருகே உட்கார்ந்தார். சமையற்காரி கதவோரம் நின்று, "கயிறு கட்டிக் காப்பாத்த வந்தவுக, இப்பக் காவலுக்கு உக்காந்தாச்சாக்கும்!" என்று சிரித்தாள்.

தங்கமாரி இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள், "நான் செத்துருவேன்னுதான உக்காந்திருக்க?" என்று கேட்டாள்.

"ஆமாத்தா."

"செத்தா ஒனக்கென்ன?"

"தெரியலத்தா. சோறு எறங்க மாட்டேங்கு."

அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் கோயில் வாசலைப் பெருக்கிவிட்டு நின்ற பூலம்மாள், "உன்னையக் குத்தம் சொல்லல தாயி. எனக்கு ஒண்ணும் பண்ணத் தெரியல" என்று மட்டும் சொல்லி வந்தார்.

கொடை நாள் வந்தது. பத்தொன்பது ஆண்டுகள் தவறாமல் பால்குடம் எடுத்தவர் அவர். இவ்வாண்டும் காப்புக் கட்டிய நாள்முதல் ஒருவேளை உணவோடு விரதம் இருந்தார். அன்று காலையில்தான் தங்கமாரியின் அக்காளிடமிருந்து செய்தி வந்தது. ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட வரமாட்டாளாம். தங்கமாரி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மாற்றி உட்கார ஆள் கிடைக்கவில்லை.

"போயி எடுத்துட்டு வாங்க, ஆயாம்மா. அம்மன் கோவிச்சுக்கிடுவா" என்றாள் சமையற்காரி, இம்முறை சிரிக்காமல்.

"அவ கோவிச்சா நாளைக்குக் கால்ல விழுந்துக்கிடுதேன்" என்றார் பூலம்மாள். கோயில் இருக்கும் திசை நோக்கிக் கைகூப்பிவிட்டு அங்கேயே இருந்தார்.

உச்சிப்பொழுது. தூரத்தில் மேளம் கேட்டது. பால்குடங்கள் கோயிலை அடைந்த நேரம். வெறும் வயிறும் வெயிலும் சேர்ந்து பூலம்மாளைச் சாய்த்தன. உட்கார்ந்தபடியே உறங்கிப்போனார். மற்றவர்கள் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தார்கள். கதவு திறந்து கிடந்தது.

தங்கமாரி எழுந்தாள். கதவுவரை போனாள். வெறிச்சோடிய நடைவழியைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். பிறகு திரும்பி வந்தாள். பூலம்மாளின் தலை சன்னல் கட்டையின் விளிம்பில் இடிக்கப் பார்த்தது. அருகில் உட்கார்ந்து தன் தோளைக் கொடுத்தாள். முகத்தில் மொய்த்த ஈயைக் கையால் விரட்டினாள். தோள் மரத்துப்போனது; அவள் அசையவில்லை. அவர் விழிக்கப்போகும் சமயம், மெல்ல விலகித் தன் இடத்தில் போய் அமர்ந்தாள்.

"ஐயோ, கண்ணசந்துட்டேனே! ரொம்ப நேரமாத்தா?"

"இல்ல ஆயாம்மா. இப்பத்தான்."

உத்தரவு இன்னும் வரவில்லை. நாளையும் உட்கார வேண்டும். ஆயினும் எடுக்காத அக்குடத்தை அன்னை ஏற்றுக்கொண்டு, அதற்கான வரத்தையும் அவர் உறங்கிய அந்த அரைமணி நேரத்திலேயே தந்துவிட்டாள். பெற்றதை அறியாமலே பெற்ற அந்த எளிய அடியாரை வணங்குவோம். தங்கமாரி மரத்த தோளை, அவர் காணாதபடி, தேய்த்துவிட்டுக்கொண்டாள்.