சிவப்புப் பட்டைக்காரர்கள்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. இது சத்தம் போட்டுச் சொல்ற கதை இல்லை.

ஊருக்கு வெளியே ஒரு பொழுதுபோக்குப் பூங்கா. அதில் ஆளைப் போட்டுச் சுழற்றுகிற ராட்டினம் ஒன்று, பதினாறு பேர் உட்காரலாம். அதை ஓட்டுகிறவள் ஜெசிந்தா. வாசலில் ஆள் விடுகிறவர் கோதண்டம். வயதில் அவள் அவருக்கு மகள் மாதிரி. ஆனால் வேலை சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். கேலிக்கு ஒருநாள் "குருவே" என்றார். அதுவே நிலைத்துவிட்டது.

ராட்டினத்துக்கு இரண்டு வாசல். கூடுதல் காசு கட்டினால் கையில் சிவப்புப் பட்டை, தனி வாசல். அங்கே ஆள் நிற்கிறவரை பொது வாசலைத் திறக்கக் கூடாது. திறந்த ஆளைப் போன மாதம்தான் வேலையை விட்டு அனுப்பினார்கள்.

அன்று ஒரே கம்பெனி ஆட்கள் பதினாறு பேர், எல்லார் கையிலும் சிவப்பு. இறங்குவார்கள், காலாற ஒரு சுற்று நடப்பார்கள். ஜெசிந்தா பூட்டுக்கம்பிகளைச் சரிபார்த்து முடிப்பதற்குள் மறுபடி வாசலில் நிற்பார்கள். பொது வரிசை ஒரு மணி நேரமாக அசையவில்லை.

அதில் முதல் ஆள் செங்கோடன், தறி ஓட்டுகிறவர். கையைப் பிடித்துக்கொண்டு மகள் தாரணி.

"அண்ணா, அஞ்சரைக்கு எங்க வேன் கெளம்பீருமுங்க. புள்ளை ரெண்டு மணியிலிருந்து நிக்குது."

மணி ஐந்து. கோதண்டம் ஜெசிந்தா இருந்த மேடைக்குப் படியேறிப் போனார்.

"குருவே, காசு கட்டினவன் முன்னால போறது நியாயமா?"

"கட்டியிருக்காங்கல்ல?"

"அப்ப அந்தப் புள்ளை?"

சுற்று முடிந்தது. ஜெசிந்தா மைக்கை எடுத்தாள்.

"சார், எதுக்கு இறங்கி, நடந்து, திரும்ப ஏறணும்? அப்படியே உட்காருங்க. அடுத்ததும் உங்களுக்குத்தான். போதும்னா கையைத் தூக்குங்க."

விசில் பறந்தது. கோதண்டம் அவள் பக்கம் திரும்பினார்.

"இதுக்கு அந்தப் புள்ளையை ரெண்டு அடி அடிச்சிருக்கலாம் நீங்க."

அவள் பொத்தானை அழுத்தினாள்.

"போதுமா, சார்?"

"இன்னொண்ணு, அக்கா!"

அடுத்த சுற்றுக்குப் பிறகு நாலு பேர்தான் கத்தினார்கள். ஒரு கை மெல்ல எழுந்தது. பக்கத்தில் இருந்தவன் அதை இழுத்து இறக்கினான். "டேய், ஆபீஸ்ல மானம் போயிரும்டா."

அதற்கும் அடுத்ததில் பதினாறு பேரும் கையைத் தூக்கியிருந்தார்கள்.

இறங்கியவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு செடிக்குப் பின்னால் ஓடினார். சிவப்பு வாசலில் ஒருத்தருமில்லை.

"திறங்க அண்ணே" என்றாள் ஜெசிந்தா.

மணி ஐந்து இருபது. தாரணி முன் இருக்கையில் உட்கார்ந்து போட்ட கூச்சல் வெளியே வண்டி நிறுத்துமிடம்வரை கேட்டது. வேனுக்கு ஓடும்போதும் அவள் நிறுத்தவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கறுப்புக் கண்ணாடிக்காரர் முகம் கழுவிக்கொண்டு வந்து, பொது வரிசையின் வாலில் நின்றார்.

"தம்பி, உங்க வாசல் அந்தப் பக்கம்."

"தெரியும்ண்ணே. கொஞ்சம் நின்னுட்டு வரேன்."

கோதண்டம் மேலே போய்ச் சொன்னார். "காசு கட்டிட்டு அங்க போய் நிக்கிறார், குருவே. ஏழு தடவை ஏறின ஆளு."

ஜெசிந்தா எட்டிப் பார்த்தாள்.

"விடுங்க அண்ணே. அந்தப் புள்ளை ஏறின மாதிரி அவர் இன்னும் ஒரு தடவைகூட ஏறலை."