கொரியாவில் இடைவேளை விட்ட கோமதிநாயகம்

சங்கரன்கோவில் கோமளா தியேட்டரின் கேண்டீன்காரர் கோமதிநாயகம் ‘வெளியே வெயில் அடிக்கிறது’ என்று சொன்னால், கேட்டவர்கள் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்துதான் நம்புவார்கள். இத்தனைக்கும் மனுசன் கெட்டவர் இல்லை. பஜ்ஜி மாவில் கலப்படம் செய்ய மாட்டார், பழைய எண்ணெயைத் திரும்பக் காய்ச்ச மாட்டார். கலப்படமெல்லாம் பேச்சில்தான்.

அப்படிப்பட்டவருக்கு அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு துக்கம். மேட்னி ஷோவுக்கு மூன்றே டிக்கெட். எட்டுப் பேராவது வராமல் படத்தை ஓட்டினால் கரண்டுக்கே கட்டாது என்று, வந்த மூன்று பேரையும் திருப்பி அனுப்பியாயிற்று. அதுகூடப் பழகிப்போன துக்கம்தான். நாலு மணிக்கு சிமெண்ட் ஏஜென்சிக்காரர் போன் செய்வதாக இருந்ததே, அதுதான் புதுத் துக்கம். தியேட்டரைக் குடோனாகக் கேட்கிறார். முதலாளி தர்மலிங்கம் ‘சரி’ என்று ஒரு வார்த்தை சொன்னால் கதை முடிந்தது. சிமெண்ட் மூட்டைக்குப் பசிக்காது. இடைவேளைக்கு எழுந்து வந்து டீ கேட்காது. கோமதிநாயகத்துக்கோ இருபத்திரண்டு வருசமாகக் கேண்டீனைத் தவிர வேறு பிழைப்பு தெரியாது.

தப்பிக்க ஒரே ஒரு வழி இருந்தது. ஒரு காலேஜ் பிள்ளைகள் வந்து, வீடியோ கேம் போட்டியின் மாவட்ட பைனலை ஞாயிற்றுக்கிழமை இந்தத் திரையில் போட்டுக் காட்ட முடியுமா என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பத்துப் பேர் மேடையில் உட்கார்ந்து ஆடுவார்களாம், மற்றவர்கள் டிக்கெட் எடுத்து வேடிக்கை பார்ப்பார்களாம். நன்றாகப் போனால் மாசாமாசம் நடத்துவார்களாம். முதலாளிக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை. நாலு மணிக்குள் அந்த நம்பிக்கையை வரவைக்க வேண்டும். மணி இரண்டரை ஆகியிருந்தது.

கேண்டீன் பெஞ்சில் முதலாளி வாழைக்காய் பஜ்ஜியைப் பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஆபரேட்டர் ஐசக், எதிரே டிக்கெட் கவுண்டர் பேச்சியம்மாள். ஷோ இல்லாததால் மூன்று பேருக்கும் வேலை இல்லை. கோமதிநாயகம் அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு மெல்ல ஆரம்பித்தார். காலேஜ் பிள்ளைகளை லேசாக எடைபோட வேண்டாம், வருங்காலமே இந்த ஆட்டத்தில்தான் இருக்கிறது என்றார்.

ஐசக் கேட்டதில் நியாயம் இருந்தது. அவனவன் கையில் போன் இருக்கிறது, அவனவனே ஆடிவிட்டுப் போகிறான், அடுத்தவன் ஆடுவதைத் துட்டுக் கொடுத்து எவன் பார்ப்பான் என்றார்.

“ஏன் வே, கேரம் போர்டுல ரெண்டு பேரு ஆடுனா சுத்தி இருவது பேரு நிக்கலையா? ஆடுதவனுக்கு ஒரு யோசனைன்னா நிக்கவனுக்கு ஒம்பது யோசனை. நம்ம ஆளுக்கு ஆடுததுல என்ன சொகம் இருக்கு? ‘இப்படி ஆடியிருக்கணும்’னு சொல்லுததுலல்லா சொகம் இருக்கு.”

அது உண்மைதான் என்பதுபோல முதலாளி தலையாட்டினார். அந்த ஒரு தலையாட்டல் போதாதா. கோமதிநாயகம் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் உண்மையைச் சொல்லி ஜெயித்த பழக்கம் அவருக்கு இல்லை. இதையெல்லாம் தான் கொரியாவில் கண்ணாலேயே பார்த்ததாகச் சொன்னார். அங்கே ஒரு கேம் ஸ்டேடியத்தில் நாற்பது நாள் கேண்டீன் நடத்தினாராம்.

“நீரு எப்ப வே கொரியா போனீரு?” என்றார் ஐசக்.

ஆறு வருசத்துக்கு முன்னால் நாற்பது நாள் ஊரில் இல்லாமல் இருந்தேனே, அப்போதுதான் என்றார். பேச்சியம்மாள் விடவில்லை. அந்த நாற்பது நாளும் அவர் புனலூரில் அக்கா வீட்டில் மஞ்சக்காமாலைக்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டு படுத்திருந்தது ஊருக்கே தெரியும் என்றாள். கோமதிநாயகம் அசரவில்லை. காமாலைதான் தன்னைக் கொரியாவுக்குக் கொண்டுபோனதே, உடம்பெல்லாம் மஞ்சளாக இருந்ததால் கொரியா டீமின் யூனிபார்ம் போட்டிருப்பதாக நினைத்து ஏர்போர்ட்டில் ஒருவரும் டிக்கெட் கேட்கவில்லை என்றார்.

பிறகு ஸ்டேடியத்தைச் சொன்னார். முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்குப் போக பஸ்ஸாம். நடுவில் மூன்று ஸ்டாப்பிங். பின்வரிசைக்காரர்கள் ஆட்டம் ஆரம்பிப்பதற்கு முந்தின நாளே கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்களாம். திரையின் ஒரு ஓரத்தில் விடிந்திருக்கும்போது மறு ஓரத்தில் இருட்டாக இருக்குமாம். ஆடுகிறவர்களின் மரியாதையோ சொல்லி முடியாது. ஒரு சாம்பியனுடைய கட்டைவிரலுக்கு மட்டும் தனிக் காராம். கட்டைவிரல் ஜன்னலுக்கு வெளியே கும்பிடு வாங்கிக்கொண்டு முதல் காரில் போக, சாம்பியன் பின்னால் வேறு காரில் வருவாராம்.

“வெரல் இல்லாம ஆளு எப்படி அண்ணாச்சி தனியா வருவாரு?” என்று பேச்சியம்மாள் கேட்டாள்.

“ஆளுக்கு ரெண்டு கட்டைவெரல் இருக்கு தாயி. நான் வலது கையைச் சொல்லுதேன்.”

முதலாளி இரண்டாவது பஜ்ஜியை எடுத்தார். முகத்தில் நம்பிக்கையும் இல்லை, சலிப்பும் இல்லை. சாப்பிடுகிற ஆள் எழுந்து போக மாட்டார் என்று தெரிந்து, கோமதிநாயகம் கரண்டியால் இன்னும் நாலைத் தட்டில் தள்ளினார்.

அடுத்து வந்தது மிளகாய் பஜ்ஜிக் கதை. அரையிறுதி ஆட்டத்தில் ஒருவன் மட்டும் பாக்கி. திரைக்குள்ளே ஒரு குட்டிச்சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எதிராளிக்குத் தண்ணி காட்டுகிறான். வேடிக்கை பார்க்கிற எண்பதாயிரம் பேருக்கும் அவன் இருக்கிற இடம் தெரிகிறது, தேடுகிறவனுக்குத் தெரியவில்லை. கத்திச் சொல்லலாம் என்றால் ஆடுகிறவர்களின் காதில் பஞ்சு வைத்த ஹெட்போன். நாலு மணி நேரம் இப்படியே போகிறது. அந்த நேரத்தில்தான் கோமதிநாயகம் எண்ணெய்ச் சட்டியில் ஒரு கூடை மிளகாய் பஜ்ஜியைப் போட்டாராம். நெடி கிளம்பியது, வரிசை வரிசையாக ஏறியது, மேடைக்குப் போனது, திரைக்குள்ளேயும் போய்விட்டது.

“சொவருக்குப் பின்னால இருந்தவன் தும்மிட்டான் வே. அச்சுனு ஒரே தும்மல். டப்புனு சுட்டுட்டாவ.”

 முப்பது வருசம் புரொஜக்டர் ஓட்டிய ஆள் என்கிற முறையில் ஐசக், திரையில் இருக்கிற உருவத்துக்கு மூக்கு கிடையாது, வெறும் வெளிச்சம்தான் என்று விளக்கினார். கோமதிநாயகம் அவரை இரக்கத்தோடு பார்த்தார். அது பழைய சினிமாக்காரன் சொல்கிற பேச்சு, கொரியாக்காரன் மூக்கோடுதான் செய்கிறான் என்றார்.

மணி மூன்றேகால். முதலாளி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இடைவேளை எத்தனை நிமிசம் விடுகிறார்கள் என்று கேட்டார். கேண்டீன்காரரின் உயிர் இருக்கிற இடத்தைத் தொட்டாயிற்று. சினிமாவுக்கு ஒரு இடைவேளைதான், இந்த ஆட்டம் எட்டு மணி நேரம் நடந்தால் ஐந்து இடைவேளை விடலாம் என்று அவர் இரண்டு நாளாகவே மனசுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தார். ஆனால் அதைச் சாதாரணமாகச் சொன்னால் அவர் கோமதிநாயகமா?

“மொதலாளி, நான் போகும்போது அங்க இடைவேளையே கெடையாது. நான்தான் விட்டேன்.”

மூன்று நாளாக பைனல் நடக்கிறது. எண்பதாயிரம் பேரும் ஒன்றுக்குப் போகாமல், பச்சைத் தண்ணி பல்லில் படாமல் அசையாமல் இருக்கிறார்கள். நடுவரிடம் போய்க் கேட்டால் ரூல் இல்லை என்கிறார். கோமதிநாயகத்துக்கு மனசு பொறுக்கவில்லை. நேரே போய் மெயின் சுவிட்சைப் போட்டு எல்லா லைட்டையும் எரியவிட்டு, இரண்டு கையையும் வாயில் குவித்து, ‘முறுக்கேய், கடலேய்’ என்று ஒரே குரல். எண்பதாயிரம் பேரும் ஒருசேர எழுந்துவிட்டார்கள். பாரம் குறைந்ததும் கட்டடமே ஒரு சாண் மேலே எழும்பிவிட்டதாம். கூட்டம் திரும்ப வந்து உட்கார்ந்தபோது கட்டடம் சரியாகப் பழைய இடத்தில் இறங்கவில்லை. இன்றைக்கும் அந்த ஸ்டேடியத்தில் வடக்குக் கதவைச் சாத்த முடியாது, போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

“யாரு போய்ப் பாக்க?” என்றாள் பேச்சியம்மாள்.

“அதுதான் தாயி, நான் போயிட்டு வந்து சொல்லுதேன்ல.”

இனி நிறுத்த முடியாது. கொரியா முடிந்து வருங்காலம் வந்தது. இன்னும் பத்து வருசத்தில் இந்த கோமளா தியேட்டரில் பைனல் என்றால் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டமெல்லாம் அதற்கு முன்னால் சுண்டைக்காய் என்றார். பைனல் அன்றைக்கு முகூர்த்தம் வைக்க ஐயரே பயப்படுவார். பாடையில் போகிறவன் தியேட்டர் வாசல் வந்ததும் எழுந்து உட்கார்ந்து, யார் முன்னால் இருக்கிறது என்று கேட்டுவிட்டு மறுபடியும் படுப்பான். பார்க்கிறவன் கண்ணைத் திரையைவிட்டு எடுக்க மாட்டான் என்பதால், பஜ்ஜியைக் கையில் கொடுக்க முடியாது, காற்றாடி வைத்துப் பறக்கவிட வேண்டியதுதான். கொட்டாவி விடுகிறவன் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், அடுத்தவனுடைய பஜ்ஜி உள்ளே போய்விடும்.

“அதுக்கும் மேல கேளுங்க மொதலாளி. பத்துப் பேரு ஆடுததைப் பாக்க இங்க ஒரு கூட்டம். அந்தக் கூட்டம் கத்துத அழகைப் பாக்க எதுத்தாப்புல இன்னொரு தியேட்டர், அதுக்கும் டிக்கெட். அவங்களைப் பாக்க மூணாவது. தென்காசி வரைக்கும் தியேட்டர்தான். கடைசில ஒலகத்துல ஒருத்தன் பாக்கி இல்லாம, ஒருத்தனை ஒருத்தன் பாத்துக்கிட்டே ஒக்காந்திருப்பான்.”

“அம்புட்டு பேருக்கும் யாரு பஜ்ஜி போடுவா?” என்று முதலாளி கேட்டார்.

“ஒலகத்துல ஆட்டம் பாக்காத ஒரே ஆளு நான்தான் மொதலாளி. நான்தான் போடணும்.”

முதலாளி கையைத் துடைத்துக்கொண்டார். மணி நாலுக்கு ஐந்து நிமிசம். ரொம்ப சாதாரணமாக, “அப்ப ஒண்ணு செய்வோம். இம்புட்டு யாவாரம் நடக்குத கேண்டீனை நான் எதுக்கு வெளியாளுக்குக் குத்தகைக்கு விடணும்? இந்த மாசத்தோட நானே எடுத்துக்கிடுதேன். என் மச்சினன் சும்மாத்தான் இருக்கான்” என்றார்.

கோமதிநாயகத்தின் முகம் செத்துவிட்டது. இடுப்பில் தொங்கிய கேண்டீன் சாவியை வலது கை தானாகப் போய்ப் பிடித்துக்கொண்டது. குடோன் வந்தால் கேண்டீன் போகும் என்று பயந்து, வராத கூட்டத்தையெல்லாம் கூட்டி வந்தால், அந்தக் கூட்டமே கேண்டீனைப் பிடுங்கிக்கொண்டு போகிறது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

ஒரு நிமிசம் கழித்து அவர் மெல்ல இறங்க ஆரம்பித்தார். இறங்குவதிலும் புளுகுதான் வந்தது. கூட்டம் வரும், ஆனால் ஒருவரும் சாப்பிட மாட்டார்கள் என்றார். விரலில் எண்ணெய் பட்டால் ஆட்டமே போச்சு என்று ஆடுகிறவர்கள் குளிக்கும்போதுகூட எண்ணெய் வைப்பதில்லை. பார்க்கிறவர்களோ அதைவிட மோசம். கொரியாவில் ஒருவர் முதல் நாள் வாயில் வைத்த முறுக்கைக் கடிக்கவே மறந்துவிட்டு, மூன்றாம் நாள் முழுசாகத் திரும்ப எடுத்தார் என்றும், தான் அதை வாங்கித் துடைத்து டப்பாவில் போட்டதாகவும் சொன்னார்.

“இதுல உங்க மச்சினருக்கு ஒண்ணும் நிக்காது மொதலாளி. பாவம், அவரு நல்ல மனுசன். இந்த நஷ்டமெல்லாம் என்னோட போகட்டும்.”

போன் அடித்தது. சிமெண்ட் ஏஜென்சிதான். முதலாளி எடுத்து, தியேட்டர் இப்போதைக்குக் கிடையாது, கொஞ்ச நாள் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று இரண்டே வரியில் வைத்துவிட்டார். ஐசக் பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டார். கோமதிநாயகத்துக்கு ஒன்றும் புரியவில்லை.

“ஏ கோமதி, நீ சொன்னதுல ஒரு வார்த்தையைக்கூட நான் நம்பல,” என்றார் முதலாளி. “கூட்டம் வராதுன்னு ஒனக்கே தோணியிருந்தா, கேண்டீனைக் கேட்டதும் சாவியைக் கழட்டித் தந்திருப்பே. நீ இறுக்கிப் பிடிச்சே பாரு, அதைத்தான் நம்புதேன். கேண்டீனை நீயே வச்சுக்கோ.”

கோமதிநாயகம் குனிந்து பார்த்தார். கை இன்னும் சாவியில்தான் இருந்தது. கண் கலங்கிவிட்டது. எண்ணெய்ப் புகை என்று சொல்லிக்கொண்டு முகத்தைத் துடைத்தார். அந்தப் புளுகை மட்டும் மூன்று பேரும் கேள்வி கேட்காமல் விட்டார்கள்.

முதலாளி கிளம்பும்போது வாசலில் நின்று திரும்பினார். ஞாயிற்றுக்கிழமை நூறு பேர் வருவார்கள் என்று காலேஜ் பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள், உள்ளதைச் சொல், எத்தனை வாழைக்காய் வாங்க வேண்டும் என்று கேட்டார். கோமதிநாயகம் விரல் மடக்கி எண்ணினார். ஆளுக்கு இரண்டு பஜ்ஜி, ஒரு காயில் எட்டு வரும். பிறந்ததிலிருந்து இல்லாத வழக்கமாக, கூட்டாமல் குறைக்காமல் பதில் சொன்னார்.

“இருவத்தஞ்சு வேணும் மொதலாளி.”

முதலாளி பேச்சியம்மாளைப் பார்த்துச் சொன்னார்:

“பத்து வாங்கிட்டு வா.”