ஏழாம் அறை விளக்கு

ஆசிரமத்துக்கு வருவதற்கு முன் குற்றாலிங்கம் நூற்பாலையில் வயர்மேனாக இருந்தவன். ஐம்பது வயதில் வேலையை விட்டுவிட்டு, மலையடிவாரத்தில் கோமதி அம்மை நடத்திவந்த அந்தச் சிறிய ஆசிரமத்தில் வந்து சேர்ந்தான். அம்மை அவனைவிடப் பத்து வயது இளையவர். அதிகம் பேசமாட்டார். கேட்டதற்குப் பதில் சொல்லாமலே எழுந்து போய்விடுவதும் உண்டு.

அந்த ஐப்பசியில் விருந்தினர் அறைகளில் இருந்த மேசை விளக்குகள் ஒவ்வொன்றாகக் கெட ஆரம்பித்தன. எல்லாம் பழைய பித்தளை விளக்குகள். ஹோல்டரின் மரை தேய்ந்து பல்பு ஆடியது. சுவிட்சைப் போட்டால் ஒரு சமயம் எரியும், ஒரு சமயம் எரியாது. குற்றாலிங்கம் டவுனுக்குப் போய்ப் புது ஹோல்டர்களும் சுவிட்சுகளும் வாங்கி வந்து, முதல் அறையிலிருந்து மாற்றிக்கொண்டு வந்தான்.

ஆறு அறைகள் முடிந்தபோது அம்மை வந்து நின்றார்.

"சாயந்தரம் உங்க தம்பி வாராரு."

குற்றாலிங்கம் நிமிர்ந்தான்.

"நயினாரா?"

"ரெண்டு நாள் தங்கணும்னு போன்ல கேட்டாரு. ஏழாம் ரூம்ல இருக்கட்டும்னு சொல்லியிருக்கேன். உங்களுக்கு ஒண்ணுமில்லையே?"

அண்ணனும் தம்பியும் பேசி ஏழு வருடம் ஆகியிருந்தது. அவர்களுடைய தாய் இறந்த அன்று குற்றாலிங்கம் கோயம்புத்தூரில் மில் வேலையில் இருந்தான். பஸ் மாறி மாறி ஊர் வந்து சேர்ந்தபோது சிதை பாதி எரிந்திருந்தது. கொள்ளி வைத்துவிட்டு நயினார் ஈரத் துண்டோடு நின்றிருந்தான். இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்திருந்தால் அம்மா முகத்தைப் பார்த்திருக்கலாம். ஒரு வார்த்தை பேசாமல் சுடுகாட்டிலிருந்தே திரும்பிப் போன குற்றாலிங்கம், பிறகு அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

"தாராளமா இருக்கட்டும் அம்மை. எனக்கு மனசுல ஒண்ணுமில்ல. அதெல்லாம் எப்பவோ விட்டாச்சு."

அம்மை போய்விட்டார்.

குற்றாலிங்கம் ஏழாம் அறைக்குள் போய் விளக்கைப் பிரித்தான். பழைய ஹோல்டரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் பொருத்தினான். அடியில் சுவிட்சை மாற்றி மூடினான். போட்டுப் பார்த்தான், எரிந்தது. அணைத்துப் பார்த்தான், அணைந்தது. மேசையைத் துடைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினான்.

மாலையில் மழை பிடித்துக்கொண்டது. நயினார் வந்து இறங்கியதைக் குற்றாலிங்கம் எட்டாம் அறை ஜன்னல் வழியாகத்தான் பார்த்தான். தலை பாதிக்கு மேல் நரைத்திருந்தது. எட்டாம் அறை முற்றத்துக்கு அந்தப் பக்கம் தனியாக இருந்தது. எதிரே போய் வரவேற்கலாம். போகவில்லை. கையில் வேலை இருந்தது.

சமையற்கட்டில் வேலை செய்யும் பேச்சியம்மாள் குடையோடு அந்தப் பக்கம் வந்தாள்.

"அண்ணாச்சி, ஒங்க தம்பி ரூம்ல பல்பு பீஸாப் போச்சாம். வேற பல்பு குடுத்திருக்கேன்."

"நான் அப்புறமா வந்து மாட்டுதேன்."

"வேண்டாமாம். குளிச்சிட்டு வந்து அவரே மாட்டிக்கிடுதாராம்."

அவள் போனாள். குற்றாலிங்கம் வேலையைத் தொடர்ந்தான். சிவப்பு வயரின் நுனியை முறுக்கி, சுவிட்சின் திருகுக்கு அடியில் கொடுத்தான். கரண்ட் வரும் வயர் சிவப்பு. அதைத்தான் சுவிட்ச் வெட்ட வேண்டும். கை தானாகச் செய்துகொண்டிருந்தது.

திருகை முடுக்கும்போது கை நின்றது.

ஏழாம் அறையில் இந்தத் திருகுக்கு அடியில் அவன் வைத்து முடுக்கியது கறுப்பு வயரை. கட்டைவிரலுக்குப் பக்கத்தில் கறுப்பு இருந்தது கண்ணில் நின்றது. அப்படியானால் சிவப்பு நேராக, பல்பைத் திருகும் ஹோல்டரின் பித்தளை மரைக்குப் போயிருக்கிறது. சுவிட்சை அணைத்தால் விளக்கு அணையும். ஆனால் மரையில் கரண்ட் அப்படியே நிற்கும்.

குளித்துவிட்டு வந்த ஈரக் கை. சிமெண்டுத் தரையில் வெறுங்கால்.

குற்றாலிங்கம் ஓடினான். முற்றத்துப் பாசியில் வழுக்கி விழுந்தான். முழங்கையில் தோல் உரிந்தது. எழுந்து மறுபடி ஓடினான். கதவு சும்மா சாத்தியிருந்தது. தோளால் இடித்துத் திறந்தான்.

நயினார் இடுப்பில் துண்டோடு மேசைக்குப் பக்கத்தில் நின்றான். ஒரு கை விளக்கின் கழுத்தைப் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தது. இன்னொரு கையில் பல்பு.

"தொடாதலே!"

நயினார் திடுக்கிட்டுப் பின்வாங்கினான். பல்பு விழுந்து நொறுங்கியது.

குற்றாலிங்கம் பிளக்கைப் பிடுங்கி எறிந்தான். மூச்சு வாங்கியது. ஏழு வருடத்துக்குப் பிறகு தம்பியிடம் அவன் பேசிய முதல் வார்த்தை அது.

நயினாரின் முகம் சிவந்தது.

"ஒன் இடத்துல ஒரு பொருளக்கூட நான் தொடக்கூடாது, அப்படித்தானண்ணே?"

"அது இல்லலே."

"வேற என்ன?"

"விளக்கு சரியில்ல."

"எரிஞ்சுதே. சுவிட்சு நல்லாத்தான வேலை செஞ்சுது?"

ஹோல்டரில் விரிசல் என்று சொல்லிவிட்டு விளக்கைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். நயினாருக்கு இந்த வேலை தெரியாது. யாருக்கும் தெரியப்போவதில்லை. குற்றாலிங்கத்தின் நாக்கு நுனி வரைக்கும் அந்தப் பொய் வந்துவிட்டது.

"நான்தான் மாட்டுனேன். வயரை மாத்திக் குடுத்துட்டேன். அணைச்சிருந்தாலும் அதுல கரண்ட் இருக்கும். தொட்டிருந்தா..."

நயினார் மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தான். தன் ஈரக் கைகளைப் பார்த்தான்.

"நீ எத்தன வருஷம் வயர்மேனா இருந்த?"

"இருபத்தாறு."

"மறந்துட்டியா?"



"தெரியலலே."

சத்தம் கேட்டு வந்த அம்மை கதவருகில் நின்றிருந்ததை இருவரும் அப்போதுதான் கவனித்தார்கள்.

குற்றாலிங்கம் அவர் பக்கம் திரும்பினான்.

"நீங்க சொல்லுங்க அம்மை. இது மறதியா, இல்ல நான் நெனச்சே செஞ்சனா?"

அம்மை கேட்டார்: "மத்த ஆறு ரூம்லயும் ஆளு இருக்காங்க. அந்த விளக்கெல்லாம் பிரிச்சுப் பாத்தீங்களா?"

அது குற்றாலிங்கத்துக்குத் தோன்றவே இல்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு கிளம்பினான். நயினார் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தான்.

"நானும் வாரேன்."

முதல் அறையில் ஒரு பெரியவர் படித்துக்கொண்டிருந்தார். பிளக்கைக் கழற்றி, விளக்கைக் கவிழ்த்து, அடித்தகட்டைத் திறந்தார்கள். சுவிட்சின் திருகுக்கு அடியில் சிவப்பு. சரியாக இருந்தது.

இரண்டாம் அறை, சிவப்பு. மூன்றாம் அறையில் ஒரு தம்பதி கைக்குழந்தையோடு தங்கியிருந்தார்கள். குழந்தை தவழ்ந்து வந்து விளக்கின் வயரைப் பிடித்து இழுத்தது. அங்கேயும் சிவப்புதான்.

நான்காவதைத் திறக்கும்போது, இதிலாவது தப்பாக இருக்கட்டும் என்று அவன் மனம் கெஞ்சியது. ஒன்றே ஒன்று தப்பாக இருந்தால் போதும், மறதி என்று சொல்லிவிடலாம். நயினாரும் குனிந்து அதையேதான் தேடுவதுபோல் பார்த்தான். ஐந்தாவதில் திருகு இறுகியிருந்தது. நயினார் விளக்கை அழுத்திப் பிடித்துக்கொள்ள, அண்ணன் திறந்தான்.

ஆறாவதையும் மூடியாயிற்று. ஆறும் சரியாக இருந்தன.

தாழ்வாரத்தில் இருவரும் நின்றார்கள். கூரையிலிருந்து தண்ணீர் கயிறு கயிறாக இறங்கிக்கொண்டிருந்தது.

நயினார் மழையைப் பார்த்தபடி சொன்னான்.

"அன்னைக்கு ஊர்க்காரங்க, பொழுது சாயுது எடுக்கணும்னாங்க. அண்ணன் வரட்டும்னு நான் ஒரு வார்த்த சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பாங்க. நான் சொல்லல."

"ஏம்ல?"



"எனக்கும் தெரியலண்ணே."

அவன் ஏழாம் அறைக்குப் போனான். உடைந்த பல்புத் துண்டுகளைக் கூட்டி அள்ளும் சத்தம் கேட்டது.

குற்றாலிங்கம் அம்மையிடம் போனான். அவர் கூடத்தில் நனைந்த பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"ஆறும் சரியா இருக்கு அம்மை. அவனுக்குப் போட்டது மட்டுந்தான் தப்பு."

அம்மை பாயைச் சுவரில் சாய்த்தார்.

"அப்ப அது மறதி இல்ல," என்றான் குற்றாலிங்கம்.

"ம்."

"மனசுல ஒண்ணுமில்லன்னு உங்ககிட்ட சொல்லிட்டு, நேரா போய் அதச் செஞ்சிருக்கு இந்தக் கை. நான் இங்க இருக்கக்கூடாது. காலையில கெளம்பிருதேன்."

அம்மை அவனை ஏற இறங்கப் பார்த்தார். வேட்டியெல்லாம் சேறு. முழங்கையிலிருந்து ரத்தம் மணிக்கட்டு வரைக்கும் வழிந்து காய்ந்திருந்தது.

"வயரை மாத்திக் குடுத்த கை உங்க கைதான்," என்றார். "மழையில ஓடுன காலு யாரு காலு?"