வேலாயி போட்ட வெங்காயச் சமோசா

மருதங்குட்டைக் கரையில் வேலாயி என்ற முள்ளம்பன்றி குடியிருந்தாள். ஒரு கிழங்குக்காக அக்காவோடு சண்டை போட்டு, இரண்டு மழைக்காலமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அன்று காலை அந்த அக்காவே, பொழுது சாய வருவதாகக் கிளியிடம் சொல்லி அனுப்பியிருந்தாள்.

வேலாயிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அக்காவுக்கு வெங்காயச் சமோசா என்றால் உயிர். நல்லவேளை, அது சட்டென்று ஆகிற பலகாரம்தான். வெங்காயத்தை அரிந்து, அவல், உப்பு, மிளகாய்த்தூள் போட்டுப் பிசறினாள். மைதா மாவை மெல்லிசாகத் தேய்த்து, பட்டை பட்டையாக வெட்டி, முக்கோணமாக மடித்து எண்ணெயில் போட்டாள். முதல் ஈட்டில் ஐந்து. பொன்னிறமாகத்தான் வந்தன.

ஆனால் உப்பு சரியாக இருக்கிறதா? முள்ளம்பன்றிக் குலத்தில் ஒரு வழக்கம் உண்டு. விருந்தாளி சாப்பிடும் முன் சமைத்தவள் வாய் வைக்கக் கூடாது. அதனால், வாசனை பிடித்து வந்து நின்ற நரி அழகப்பனையும் குரங்கு கோமதியையும் ருசி பார்க்கச் சொன்னாள். கரும்பு தின்னக் கூலியா கேட்பார்கள்?

நரி ஒன்றைத் தின்றுவிட்டு உப்பு பத்தாது என்றான். குரங்கு ஒன்றைத் தின்றுவிட்டு உப்பு கரிக்கிறது என்றாள். வேலாயி திருதிருவென்று விழித்தாள். ஒரே சட்டியில் பிசறியது எப்படி இரண்டு மாதிரி இருக்கும்?

"ஒண்ணு தின்னா எப்படித் தெரியும்? நாக்குல நிக்கவே இல்லையே. இன்னொண்ணு குடு," என்றான் நரி, முகத்தைச் சுளித்துக்கொண்டே.

கொடுத்தாள். பிறகு கொஞ்சம் உப்புப் போட்டாள். வெங்காயம் தண்ணீர் விட்டுக்கொண்டது. அதை இழுக்க இன்னும் அவல் போட்டாள். அடுத்த ஈட்டைத் தின்றதும் நரி கரிக்கிறது என்றான், குரங்கு பத்தாது என்றாள். அப்புறம் காரம் ஏறவில்லை, தீ அதிகம், இல்லை தீ குறைவு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். காட்டில் பிறந்தவளையே கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் ஆயிற்று. பாவம், சிரத்தையாகச் சொல்கிறார்களே என்று அவர்களுக்கு நன்றி வேறு சொன்னாள்.

சட்டி காலியானது. மாவும் தீர்ந்தது. அப்போதுதான் அக்கா வந்து சேர்ந்தாள்.

வெறும் தட்டைப் பார்த்தாள். எண்ணெய் வழியும் இரண்டு வாய்களைப் பார்த்தாள். நரியும் குரங்கும் மெல்ல நழுவினார்கள்.

வேலாயி உப்பு, அவல், தீ என்று என்னென்னவோ உளறினாள். அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"நான் வாய் வைக்கிறதுக்கு முன்னாடி காடே வாய் வச்சிருச்சேடி," என்று மட்டும் சொல்லிவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்தாள்.

வேலாயி பின்னாலேயே ஓடி எவ்வளவு கூப்பிட்டும் அவள் நிற்கவில்லை. திரும்பி வந்து அடுப்பை அணைத்தபோது, முதல் ஈட்டில் உடைந்து விழுந்த ஒரு துண்டு அடுப்போரம் கிடந்தது. விருந்தாளிதான் போய்விட்டாளே. எடுத்து வாயில் போட்டாள். உப்பு சரி. காரம் சரி. மொறுமொறுப்பும் சரி. மென்றுகொண்டே அழுதாள்.

தன் நாக்கை நம்பாதவர், அடுத்தவர் வயிற்றைத்தான் நிரப்புவார்.