போர்டில் வரைந்த பந்து

கால்பந்துக் கோச்சுக்கு நான்கு ஆசிரியர்களின் சம்பளத்தை அள்ளிக் கொடுக்கும் தாளாளர் ஞானாபரணத்திடம், தற்காலிக கெமிஸ்ட்ரி டீச்சர் ஜெசிந்தா சோதனைக் குழாய்கள் கேட்டாள்.

“பணமில்லம்மா. போர்டுல படம் வரைஞ்சு நடத்துங்க, போதும்.”

மறுவாரம் பள்ளிக்கு நன்கொடை தரும் பழைய மாணவர் ஒருவர் ஆட்டம் பார்க்க வந்தார். கோச் லீவு. தாளாளர் ஜெசிந்தாவையே பயிற்சி கொடுக்கச் சொன்னார். வேலை போனாலும் போகட்டும் என்று அவள் பந்துகளைப் பூட்டிவைத்தாள். மைதானத்தில் போர்டை நிறுத்தி, ஒரு பந்து வரைந்தாள்.

“ம், உதைங்கப்பா!”

பையன்கள் விழித்தார்கள். “பந்து எங்கம்மா?” என்று கத்தினார் தாளாளர்.

“கெமிஸ்ட்ரிக்குப் படம் போதும்னா, புட்பாலுக்கும் போதும்தானே சார்?”

நன்கொடையாளர் விழுந்து விழுந்து சிரித்தார். விவரம் கேட்டறிந்ததும், இந்த வருஷப் பணம் முழுக்க ஆய்வகத்துக்கே என்று சொல்லிவிட்டார். பையன்கள் சாவியை வாங்கிக்கொண்டு பந்தெடுக்க ஓடிவிட, ஜெசிந்தா ஒரு முனையில் பிடித்த போர்டின் மறுமுனையைத் தாளாளரே தூக்க வேண்டியதாயிற்று.