சராய் வாசலில் கழற்றிய பூட்ஸ்

டக், டக் என்று கைத்தடி குதிரைக் கொட்டகைக் கதவில் மோதும் சத்தம் முதலில் வந்தது. பிறகுதான் வோல்கா நதிக்கரைப் பண்ணையார் யெவ்கிராஃபின் சிவந்த மூக்கு தெரிந்தது. பின்னால் விருந்தாளிகள்.

"டேய் ஷாரிப்! உங்க தாத்தார் இனத்து பாஷையில 'சராய்'னா அரண்மனையாமே? எங்க ருஷ்ய பாஷையில கொட்டகை. பாரசீகத்துலேர்ந்து நீங்க வாங்கிட்டு வந்த சொல்லை, வைக்க வேண்டிய இடத்துல நாங்க வெச்சுட்டோம்! இந்தக் கொட்டகை அரண்மனைதான்னு இவங்க முன்னால காட்டு. இல்லேன்னா இன்னைக்கே பெண்டாட்டியோட கிளம்பு."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கொட்டகையிலேயே குடியிருந்த குதிரைக்காரன் ஷாரிப்பும் சேர்ந்து சிரித்தான். வைக்கோல் மூலையில் மனைவி நஸீபா முக்காட்டை இழுத்துக்கொண்டதைப் பார்த்ததும், ஏன் சிரித்தோம் என்று கூசிப்போனான்.

"காட்டறேன் எஜமான். பூட்ஸோட நுழைஞ்சா கொட்டகை. எங்க வழக்கப்படி வாசல்ல கழட்டிட்டு நுழைஞ்சா அரண்மனை. எதுன்னு வர்றவங்களே முடிவு பண்ணிக்கட்டும்."

விருந்தாளிகளுக்கு இந்த வேடிக்கை பிடித்துவிட்டது. ஒவ்வொருவராகக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். "நீங்க மட்டும் ஏன் நிக்கிறீங்க?" என்று ஒரு சீமாட்டி கூப்பிட, பண்ணையாரும் வேறு வழியில்லாமல் கழற்றினார். கிழிந்த காலுறையிலிருந்து கட்டைவிரல் எட்டிப் பார்த்தது.

சிரிப்பு இப்போது அவர் பக்கம் திரும்பியது. ஷாரிப் சிரிக்கவில்லை. தினமும் அந்த பூட்ஸைக் கழற்றிவிடுகிறவன் அவன்தான்; காலுறையில் ஓட்டை இருப்பது தெரிந்தேதான் கழற்றச் சொல்லியிருந்தான். ஆனால் தன் வீட்டுக்குள் வந்தவர் தலைகுனிந்து நின்றபோது, அவனுக்கும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நஸீபா பின்னிய கம்பளிக் காலுறையை எடுத்து அவர் காலடியில் வைத்தான்.

"அரண்மனைதான்," என்று முனகினார் பண்ணையார்.

ஷாரிப் நிமிர்ந்து பார்க்காமல், அவர்கள் வந்தபோது பாதியில் விட்ட வைக்கோலைக் குதிரைக்கு அடியில் பரப்பத் தொடங்கினான்.