டீ வேணாம்தானே சார்?

தாமோதரன் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கேள்வி கேட்டே காலத்தை ஓட்டிய மனிதர். தற்கொலைத் தடுப்பு உதவி மையத்தில் போன் எடுக்கப் பழக வந்த இடத்தில் ஒரே ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டார்.

பழக்கிவிடுபவர் சஃபியா. தாமோதரனிடம் படித்த பிள்ளைகளின் வயதுதான் அவருக்கு. ஆனாலும் தாமோதரன் வாய் தவறியும் "மேடம்" என்பதை விட்டதில்லை.

"மேடம், சாகணும்னு நெனைக்கிறீங்களான்னு நேரா கேக்கச் சொல்றீங்க. எனக்கு வாயே வர மாட்டேங்குது. இல்லாத நெனப்பை நாமளே கெளப்பிவிட்ட மாதிரி ஆயிடாதா?"

சஃபியா பிளாஸ்க்கைத் திறந்து ஒரு டம்ளரில் டீ ஊற்றினார்.

"உங்களுக்கு டீ வேணாம்தானே சார்?"

"வேணாம் மேடம்."

சஃபியா மூடியைத் திருகி வைத்துவிட்டார். இஞ்சி வாசனை மேசையைத் தாண்டி வந்தது. தாமோதரன் எச்சில் விழுங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

போன் அடித்தது. தாமோதரன் எடுத்தார். சஃபியா கூடவே கேட்க ஒரு ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

பேசியவர் பெயர் முகிலன். செல்போன் ரிப்பேர் செய்கிறவர், தனியாகக் குடியிருக்கிறார். சிரித்துச் சிரித்துத்தான் பேசினார்.

"சும்மாதான் சார் கூப்பிட்டேன். இன்னைக்கு மனசு லேசா இருக்கு. நாயைக்கூட பக்கத்து வீட்டு அக்காகிட்ட குடுத்துட்டேன்."

"ஏன் தம்பி குடுத்தீங்க?"

"நம்மளால யாருக்கும் தொந்தரவு இருக்கக் கூடாதுல்ல சார்."

தாமோதரனுக்குக் கேட்க வேண்டியது தொண்டை வரைக்கும் வந்தது. வெளியே வந்தது வேறு.

"தம்பி, தப்பான முடிவு எதுவும் எடுத்துர மாட்டீங்கல்ல?"

"சேச்சே, அதெல்லாம் இல்ல சார்."

தாமோதரனுக்கு அப்பாடா என்றிருந்தது. நல்லது தம்பி என்று முடிக்கப் போனார்.

சஃபியா தன் டம்ளரை அவர் முன்னால் நகர்த்தினார். மெல்லக் கேட்டார்.

"டீ வேணுமா சார்?"

தாமோதரன் டம்ளரைப் பார்த்தார். தன்னையறியாமல் தலை ஆமாம் என்று ஆடியது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெட்கமும் பயமும் ஒன்றாக வந்தன. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, வெச்சுராதீங்க. நான் சரியா கேக்கல. மறுபடி கேக்குறேன். சாகணும்னு நெனைக்கிறீங்களா?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கீழே தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. வேறு ஏதாவது பேசி அந்தக் கேள்வியை மூடிவிடலாம் என்று தாமோதரனுக்கு நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஆமா சார்." முகிலன் குரலில் சிரிப்பு போயிருந்தது. "ரொம்ப நாளா. யாரும் கேக்கல."

"நான் கேட்டுட்டேன்ல. சொல்லுங்க. நான் எங்கயும் போகல."

முகிலன் சொன்னார். அழுதார், மறுபடியும் சொன்னார். பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடச் சம்மதித்தார். அக்கா வந்தார். கூடவே நாயும் வந்து குரைத்தது போனில் கேட்டது. இருவரும் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஏறும் வரை தாமோதரன் போனை வைக்கவில்லை. சாயங்காலம் நானே கூப்பிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தார்.

டீ ஆறிப்போயிருந்தது. எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

"மேடம், நேரா கேட்டும் அவர் இல்லைன்னே சொல்லியிருந்தா?"

"அது அவரோட 'இல்லை'யா இருந்திருக்கும் சார். மொதல்ல அவர் சொன்ன 'இல்லை' உங்களோடது."